தமிழில் சொல்லுங்கள் என்றேன்

கல்முனை,
சனிக்கிழமை காலை.

என் அன்பான மிஹ்லார் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கட்டார் வெயிலில் அல்லாஹ் உங்களைச் சுகமாக வைத்திருக்க வேண்டும் என்று ஐந்து நேரத் தொழுகையிலும் கேட்கிறேன். இங்கே நானும் மகளும் மாமியும் சுகம். மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. கெமராவில் காட்டமாட்டாளாம், வாப்பா வந்துதான் பார்க்க வேண்டுமாம்.

தினமும் கதைக்கிறோமே, இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். போனில் நீங்கள் "ஓம், ஓம், எல்லாம் சரிவரும்" என்று என் வாயை அடைத்துவிடுவீர்கள். உங்கள் அறையில் இன்னும் மூன்று பேர் வேறு. அதனால் நாளைக்குக் கட்டாருக்குப் புறப்படும் பக்கத்து வீட்டு ஸகியாவின் மாப்பிள்ளையிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

வியாழக்கிழமை என் வகுப்பைப் பார்க்க ஆள் வந்த விசயம்தான். நல்லபடி முடிந்தது என்று போனில் சொன்னேன். பொய் சொன்னேன், மச்சான்.

புதிய விரிவுரையாளர்களுக்கான பயிற்சிப் பட்டறைக்கு ஆறு மாதம் அலைந்தது உங்களுக்குத் தெரியும். கடைசியில் ஒரு பேராசிரியர் வகுப்பில் வந்திருந்து பார்த்து, நல்லது என்று எழுதினால்தான் என் வேலை நிரந்தரம். அது கிடைத்தால் நீங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் மார்ச்சில் ஒரேயடியாக வந்துவிடுவது என்றுதானே பேசிவைத்தோம்.

பட்டறையில் ஒரு வேலை தந்தார்கள். பாடம் முடிந்ததும் பிள்ளைகளிடம் துண்டுத்தாள் கொடுத்து, பேர் போடாமல், விளங்காததை எழுதச் சொல்ல வேண்டும். நாற்பத்திரண்டு பேரும் எல்லாம் விளங்கியது என்று இங்கிலீஷில் எழுதித் தந்தார்கள். நான் பெரிய ஆள் மாதிரி அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். என்னோடு படிப்பிக்கும் நற்பிட்டிமுனை வசந்தினி, தமிழில் எழுதச் சொல்லிப் பாருங்கள் என்று காதுக்குள் சொன்னாள்.

அப்படியே எழுதச் சொல்லி, வந்த தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து வாசித்தேன். ஒன்றில், "மிஸ், நீங்க நல்லாப் படிப்பிக்கிறீங்க. எனக்குத்தான் இங்கிலீஷ் விளங்குதில்ல. மத்தவங்களுக்கு விளங்குது, அதால எழும்பிக் கேக்க வெக்கம்" என்றிருந்தது. கிட்டத்தட்ட எல்லாத் தாளிலும் இதுதான். ஒவ்வொரு பிள்ளையும் தனக்கு மட்டும்தான் விளங்கவில்லை என்று நினைத்துக்கொண்டு என் முன்னால் தலையாட்டியிருக்கிறது.

ஆனால் எங்கள் பீடத்தில் பாடம் இங்கிலீஷில்தான் நடக்க வேண்டும். பார்க்க வருபவரோ தமிழ் தெரியாத சிங்களப் பேராசிரியர். எனக்குப் பயம் பிடித்துவிட்டது. அவர் வருவதற்கு முதல்நாளே நாலு பிள்ளைகளிடம் கேள்வியையும் பதிலையும் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்துப் பாடமாக்கச் சொன்னேன். ஊரில் எல்லோரும் செய்வதுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பாடம் உவர் மண். அந்த நாலு பேரில் ஒருத்தியான வரிப்பத்தான்சேனை அஸ்மியாவிடம் கேட்டேன். எழும்பி ஒரு சொல் பிசகாமல் ஒப்புவித்தாள். பேராசிரியருக்கு அது நன்றாகப் பிடித்துப்போய், அந்த உப்பை எப்படிப் போக்குவது என்று அவளிடமே கேட்டுவிட்டார். அது நான் எழுதிக் கொடுத்ததில் இல்லை. பிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டே நின்றது. கண் நிறைந்துவிட்டது. மற்ற எல்லோரும் குனிந்துகொண்டார்கள். அந்தப் பிள்ளையை அப்படி நிறுத்தியது நான்தான்.

தமிழில் சொல்லுங்கள் என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது.

"எங்கட வாப்பா வரம்ப உயத்தி நல்ல தண்ணியக் கட்டுவார் மிஸ். ரெண்டு மூணு நாள் நிண்டதும் வடிச்சி உடுவார், உப்பும் அதோட போயிரும். வடிச்சல் வாய்க்கால் இல்லாட்டிச் சரிவராது" என்றாள். என் குறிப்பில் மூன்று பக்கம் அது! பிறகு பின்வரிசைப் பொடியன்மார்கூட எழும்பிக் கதைத்தார்கள். மிச்ச நேரம் முழுக்கத் தமிழில்தான் போனது. பேராசிரியர் ஒன்றும் விளங்காமல் ஏதோ எழுதிக்கொண்டேயிருந்தார்.

முடிந்ததும், அந்தப் பிள்ளை என்ன சொன்னது என்று கேட்டார். சொன்னேன். முதல் பதிலை நான்தான் எழுதிக் கொடுத்தேன் என்பதையும் சொல்லிவிட்டேன். உனக்கென்ன விசரா என்று ஏசுவீர்கள். அவர் ஏசவுமில்லை, சிரிக்கவுமில்லை. குழு தீர்மானிக்கும் என்றார். தேத்தண்ணியைத் தொடாமலே போய்விட்டார். அவருக்குச் சீனி வருத்தமாக இருக்கும் என்று வசந்தினி ஆறுதல் சொல்கிறாள்.

குழு கூடுவது பத்தாம் திகதி. நீங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கக் கடைசி நாள் ஐந்தாம் திகதி. முடிவு தெரியாமலே நீங்கள் தீர்மானிக்க வேண்டும். உங்களை இந்த இக்கட்டில் விட்டதற்கு மாப்புக் கேட்கிறேன். ஆனால் செவ்வாய்க்கிழமை அதே வகுப்பு இருக்கிறது. அப்போதும் தமிழில்தான் கேட்பேன். என்னால் இனி வேறு மாதிரி முடியாது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கையெழுத்து வைப்பதுதான் புத்தி என்று எனக்கும் தெரியும். வையுங்கள் என்று எழுதத்தான் சுபஹு தொழுதுவிட்டு உட்கார்ந்தேன். நாலு பக்கம் வந்துவிட்டது, அந்தச் சொல் மட்டும் வரமாட்டேன் என்கிறது, மச்சான். அல்லாஹ் உங்கள் மனதில் நல்லதையே போடட்டும்.

வஸ்ஸலாம்.

உங்கள்,
பஸ்மினா