நான்காவது சீஸ்

12-7-94, செவ்வாய்

ஆடி பிறப்பதற்கு முன்பே பேய்க்காற்று. கெஸ்ட் ஹவுஸ் மாடியில் காயப்போட்ட தலையணை உறைகள் பக்கத்துச் சாயப்பட்டறை காம்பவுண்டுக்குள். போய் வாங்கி வந்தேன். ஒன்றில் நீலக்கறை.

காலையிலேயே மானம் போனது. பம்பாய் ஏஜெண்டுக்குக் காபி. பால் அடிப்பிடித்தது எனக்குத் தெரியவில்லை. மனுஷன் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளி வைத்தார். முதலாளி எடுத்து மோந்து பார்த்தார். "ஏப்பா பழனிச்சாமி, பாலைக் காச்சுனியா, கொள்ளி வெச்சியா?" ஜலதோஷம் என்றேன். வருஷம் முழுவதும் எனக்கு ஜலதோஷம்தான்.

ப்ளீச்சிங் பட்டறையில் நின்ற காலத்தில் போன மூக்கு. முகத்தில் இருக்கிறது, வேலைக்கு வருவதில்லை. மூக்கு செத்தவனைச் சமையலுக்கு வைத்திருக்கும் கம்பெனி திருப்பூரில் எங்களுடையது ஒன்றுதான் இருக்கும். முதலாளிக்கு இன்னும் தெரியாது.

புது உத்தரவு. நம்மிடம் பனியன் வாங்கும் ஹாலந்து பையர் மார்த்தா அம்மா அடுத்த வாரம் வருகிறார். கறி, முட்டை, பால், தயிர், நெய் எதுவும் தொடமாட்டார். போன தடவை வாழைப்பழத்திலேயே நாளை ஓட்டினார். அவர் ஊரில் பால் இல்லாமல் சீஸ் செய்கிறார்களாம். "நீயும் செஞ்சு போடு. வயிறு ரொம்புனா இன்ஸ்பெக்ஷன்ல மூஞ்சி தெளிவா இருக்கும்" என்றார் முதலாளி. நல்ல யோசனை. நான் சீஸை டின்னில் பார்த்ததோடு சரி.

வாங்க: நிலக்கடலை, முந்திரி உடைசல், கடல்பாசி, எலுமிச்சை. சுதாவுக்குக் கிராப் நோட்டு.

13-7, புதன்

பழைய பையர் யாரோ விட்டுப்போன சீஸ் டின் பிரிட்ஜில் இருந்தது. கிள்ளி வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, ஒரு துண்டைப் பேப்பரில் சுற்றி வீட்டுக்கு. வாசலிலேயே நின்று ருக்மணியை மோந்து பார்க்கச் சொன்னேன்.

"ஏனுங்க, வேர்வை பனியனை உப்புத்தண்ணியில ஊறப்போட்டாப்புல இருக்குது. இதைத் திங்கவா ஏரோப்ளேன் ஏறி வர்றாங்க?"

சுதா உள்ளே இருந்தாள். துண்டை வெளியிலேயே தூக்கிப் போட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் நான் உள்ளே போனேன். கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு சங்கு பசும்பால் புகட்டி, மூச்சு நின்று நீலமாகிப் போன பிள்ளை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பால் கிடையாது. தயிர் கிடையாது. பதினொன்றாம் வகுப்பு வந்துவிட்டாள், ஒரு மைசூர்பாகு தின்றதில்லை.

"சீஸ்னா எப்படிங்ப்பா இருக்கும்?"

"உப்பா, புளிப்பா, பல்லுல ஒட்டும். வாசம் மட்டும் உங்கம்மாளைக் கேளு."

"பாலில்லாம செய்யறதுன்னா நானும் திங்கலாமுங்ளா?"

அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. பெத்த அப்பன்.

ஆக, மோந்து பார்க்க முடியாதவனும் தின்னே பார்த்திராதவளும் சேர்ந்து ஹாலந்துக்காரிக்குச் சீஸ் செய்யப்போகிறோம். ருக்மணி தலையில் அடித்துக்கொண்டாள்.

15-7, வெள்ளி

மத்தியானம் கரண்ட் இல்லை. ஆட்டுக்கல்லில் அரைத்தேன். தோள்பட்டை போச்சு.

முறை: கடலையை ஊறவைத்து அரைத்து, பிழிந்து, காய்ச்சி, எலுமிச்சை விட்டால் திரிகிறது. கட்டிங்கில் விழுந்த வெள்ளைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, கடல்பாசி சேர்த்து, கல் வைத்து அழுத்த வேண்டும். ருசி பார்ப்பது சுதா. மேல்பார்வை ருக்மணி.

முதலாவது, முந்திரி. சுதா: "கல்யாண ஊட்டுக் குருமா ஆறிப்போனாப்புல."

இரண்டாவது, கடலையும் கறிவேப்பிலையும். "சட்னி கெட்டியாயிருச்சுங்ப்பா, வேற ஒண்ணுமில்லீங்."

மூன்றாவது, கொட்டாங்குச்சி போட்டுப் புகை காட்டியது. கொஞ்சம் பரவாயில்லை. ருக்மணி மட்டும், "பனியன் வாசம் வரலியே" என்றாள். அவளுக்கு அந்தப் பனியன்தான் இப்போது அளவுகோல்.

பிள்ளை மூன்றையும் தட்டில் வைத்து மார்க் போட்டாள். மூன்றும் பெயில். இப்படிச் சிரித்து நாளாயிற்று. கிளாஸில் யாருக்கோ பிறந்தநாளாம். கேக் வேண்டாம் என்று இவள் கிரவுண்டிலேயே இருந்துவிட்டாளாம். சிரித்துக்கொண்டேதான் அதையும் சொன்னாள்.

எலுமிச்சைப் புளிப்பு ஒட்டவில்லை. வெளியே நிற்கிறது, விருந்தாளி மாதிரி.

16-7, சனி

கெஸ்ட் ஹவுஸில் நான்காவது. எலுமிச்சையை விட்டுவிட்டேன். கடலைப்பாலை வெதுவெதுப்பாக ஆறவைத்து உறை ஊற்றினேன். ஒரு துளிதான். அடுப்பு மேடை ஓரத்தில் மூடி வைத்தேன். உறைந்தால் புளிப்பு உள்ளேயிருந்து வரும் என்று ஒரு கணக்கு.

சிலிண்டர் புக் செய்ய வேண்டும். செருப்பு தைக்கக் கொடுத்தது வாங்கவில்லை.

17-7, ஞாயிறு, ஆடி ஒண்ணு

உறைந்திருந்தது. பிழிந்து, உப்பும் மிளகும் போட்டு, புகை காட்டி, வில்லையாக வெட்டி எடுத்துப் போனேன். ருக்மணி மோந்து பார்த்துவிட்டு, "பனியன்" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சுதா கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். "இதுதானுங்ளாப்பா? இதுதான் எல்லாரும் திங்கிறதா?" இன்னொன்று எடுத்தாள்.

சாயங்காலம். இதற்கு மேல் எழுத முடியவில்லை.

18-7, திங்கள்

ஆஸ்பத்திரி. தப்பித்தாள்.

இரண்டாவது வில்லை பாதியில் உதடு தடித்தது. கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். எதிர்வீட்டுக்காரர் காரில் போட்டுக்கொண்டு போனோம். ஊசி. மூக்கில் டியூப். முகம் வீங்கி, கண் எது என்றே தெரியவில்லை.

டாக்டர், "என்ன சாப்பிட்டா?"

"கடலக்காயிலங்க, இவரு செஞ்சது."

"பால் கலந்ததா?"

"பால் வாசமே எங்க ஊட்டுல ஆகாதுங்க டாக்டர்" என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் செய்வது போலச் சொன்னாள் ருக்மணி.

அப்போதுதான் உறைத்தது. உறை. கெஸ்ட் ஹவுஸ் பானையில் இருந்து எடுத்த தயிர். பால் என்றால் சொம்பில் இருப்பது, தயிர் என்றால் சோற்றில் பிசைவது. உறையை நான் இரண்டிலும் எண்ணியதே இல்லை. அது கைப்பழக்கம். உப்புக் கிள்ளிப் போடுவது மாதிரி.

வாயைத் திறந்தேன். நர்ஸ் சீட்டை நீட்டினாள், மருந்து வாங்கி வா என்று. போய்விட்டேன். திரும்பி வருவதற்குள் டாக்டர் முடிவு சொல்லியிருந்தார். கடலையும் இவளுக்கு ஆகாது. இத்தனை நாள் ஒத்துக்கொண்டது திடீரென்று ஒருநாள் ஒத்துக்கொள்ளாமல் போகுமாம். இனிமேல் தொடவே கூடாது.

20-7, புதன்

மார்த்தா அம்மா வந்தார். லீவு கேட்டேன். "இன்னிக்குப் போயி கேக்கறியே" என்றார் முதலாளி.

உறைக்குப் பதில் பழைய சோற்று நீராகாரம் விட்டு வைத்திருந்தேன். நன்றாகவே புளித்தது. இதை ஏன் சனிக்கிழமை நினைக்கவில்லை? திருப்பூரில் எந்த வீட்டிலும் இருக்கிற தண்ணீர்.

மிளகு போட்டது, புகை காட்டியது, கொத்தமல்லி வைத்தது. அந்த அம்மா மூன்றையும் தின்றார். புகை காட்டியதை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிக்கொண்டார். கூட வந்த ஆபீஸ் பையன், "பால் துளி கூட இல்லியாண்ணா, கேக்கறாங்க" என்றான்.

"துளி கூட இல்லீங்க" என்றேன். எவ்வளவு லேசாக வந்தது வாயில்.

முதலாளிக்குச் சந்தோஷம். "பழனிச்சாமி கைக்கு மூக்கு இருக்குதப்பா" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். தலையாட்டினேன்.

கெஸ்ட் ஹவுஸ் மோர்மிளகாய் டப்பாவைத் தூக்கிப் பரணில் வைத்துவிட்டேன். அதுவும் மோர்.

22-7, வெள்ளி

காற்று நின்றுவிட்டது. புழுக்கம். சுதா வீட்டில். வீக்கம் வடிந்துவிட்டது, குரல் மட்டும் கரகரப்பு.

வீட்டில் இருந்த கடலை எல்லாவற்றையும் ருக்மணி மூட்டை கட்டி எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். கடலைச் சட்னி, கடலை உருண்டை, கடலெண்ணெய் எல்லாம் போச்சு. அந்தப் பிள்ளைக்கு இருந்த ஒரே மிட்டாய் கடலை உருண்டை.

இன்று சொல்லிவிடுவது என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவளே ஆரம்பித்தாள்.

"மூஞ்சியை ஏனுங்ப்பா இப்படி வெச்சிருக்கீங்க? கடலக்கா இல்லாம போனாப் போவுது. உங்க மேல என்னங் தப்பு? உங்க கையில எதைக் குடுத்தாலும் நான் பயமில்லாம திம்பனுங்."

"செரி கண்ணு."

"ஆனா நாலாவது பாஸுங்ப்பா. நூத்துக்கு நூறு. மத்ததுல இல்லாதது என்னமோ இருந்துச்சு. என்னங்ப்பா போட்டீங்க அதுல?"

ருக்மணி அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தாள்.

"உப்பு கொஞ்சம் தூக்கலா போட்டேன்" என்றேன்.

சொல்லாதது: தயிர் கண்ணு. கடலக்கா உன்னை ஒண்ணும் பண்ணல.