பார்க்கப் போன அண்ணாவுக்கு

அன்புள்ள அன்ரன் அண்ணா,

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். எதையும் கூட்டவோ மறைக்கவோ மாட்டேன். உன் ஆண்டுத் திருப்பலிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவு மலரில் இது வரட்டும் என்று அம்மாதான் சொன்னார். உன்னை 'நீ' என்று எழுதுவதைப் பொறுத்துக்கொள். நீ எனக்கு மூத்தவன்தான். ஆனால் நீ எட்டு வயதிலேயே நின்றுவிட்டாய், எனக்குப் பதின்மூன்று ஆகிறது.

நாங்கள் இப்போது ஒஸ்லோவில், குரோருட்டில் இருக்கிறோம். அப்பா பேருந்து ஓட்டுகிறார். அம்மா முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்கிறார். உன் படம் மாதா படத்துக்குக் கீழே இருக்கிறது. மன்னாரில் எடுத்தது. அதில் உன் சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் பூட்டியிருக்கிறது. அதை யாரும் கவனிக்கவில்லையா, இல்லை, திருத்த நீ விடவில்லையா?

உன்னைப் பற்றி நான் அதிகம் கேட்டது ஒரு வசனம்தான்: "விளையாடப் போய் வெடிச்சுச் செத்தவன்." இதே நகரில் ஹவுகெட்டோவில் இருக்கும் பெரியம்மா ஒவ்வொரு திருப்பலிக்குப் பிறகும் சாப்பாட்டு மேசையில் அதைச் சொல்வார். "ஒரு கண் பாத்திருந்தால்..." என்று தொடங்கி, முடிக்காமல் விடுவார். அம்மா தண்ணீர் எடுக்க எழுந்து போவார்.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. வெளியே கிடந்த எதையும் உள்ளே கொண்டுவரக் கூடாது. இங்கே வசந்த காலத்தில் குடியிருப்பில் எல்லாரும் சேர்ந்து முற்றத்தைத் துப்புரவாக்குவார்கள். டுக்னாட் என்று சொல்வார்கள். அன்று வேண்டாத சாமான்களை ஒரு மூலையில் குவிப்பார்கள், விரும்பியவர் எடுக்கலாம். மற்றப் பிள்ளைகள் பந்தும் சறுக்குக்கட்டையும் பொறுக்குவார்கள். நான் விளக்குமாற்றோடு நின்று பார்ப்பேன்.

இந்த ஆண்டு வகுப்பில் இரண்டாம் உலகப் போரைப் பற்றி ஒரு செயல்திட்டம் தந்தார்கள். நூலகத்துப் புத்தகமொன்றில் ஒரு சிறிய சங்கிலிச் சக்கர வண்டியின் படத்தைக் கண்டேன். என் இடுப்பு உயரம்கூட வராது. உள்ளே ஆள் இல்லை, வெடிமருந்து மட்டும். பின்னால் நீளும் கம்பி வழியாக, தூரத்தில் பதுங்கியிருக்கும் ஒரு ஜெர்மன் சிப்பாய் அதை ஓட்டிச் சுவரடியில் வெடிக்க வைப்பான். அதற்குக் கோலியாத்து என்று பெயர். விவிலியத்துக் கோலியாத்தோ இராட்சதன். கம்பியை வெட்டினால் இது நின்றுவிடும் என்று படித்ததும், இதைத்தான் எழுதுவது என்று முடிவு செய்தேன்.

மாதிரி செய்ய ஏதாவது வண்டி வேண்டும். டுக்னாட் குவியலில் ரிமோட் தொலைந்த ஒரு ரிமோட் கார் கிடந்தது. அதை யாக்கெற்றுக்குள் வைத்து மேலே கொண்டுவந்தேன். அம்மா வேலையால் வந்தபோது அது மேசையில் இருந்தது.

"இது எங்காலை வந்தது?"

"கீழை கிடந்தது அம்மா. சும்மா விளையாட்டுக் கார்."

அம்மா அதை ஒரு துணியால் பிடித்து, கையை நீட்டியபடி கொண்டுபோய் பல்கனியில் வைத்துவிட்டுக் கதவைப் பூட்டினார். பிறகு கதிரையில் இருந்தார். மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை.

"அவன் ஒண்டையும் எடுக்கேல்லை," என்றார். உன்னைத்தான் சொல்கிறார் என்று எனக்கு விளங்கியது.

"ஆமி காம்பை விட்டிட்டுப் போட்டுது. பெடியள் அங்கையிருந்து ஏதோ இரும்புச் சாமான் ஒண்டை உழவு மெசின் பெட்டியிலை ஏத்திக்கொண்டு வந்தவங்கள். என்னெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் ஊரே சிரிச்சுக்கொண்டு பின்னாலை ஓடினது. இவன் வந்து, 'அம்மா, பாத்திட்டு வரட்டே' எண்டு கேட்டவன். நீ மடியிலை கிடந்து கத்திக்கொண்டிருந்தனி. 'ஓம், போட்டுக் கெதியா வா' எண்டனான். அதுதான் வெடிச்சது."

சமையல் குறிப்புச் சொல்வது போல ஒரே குரலில் சொன்னார். கடைசியில், "நான் ஓம் எண்டது ஒருத்தருக்கும் தெரியாது. கொப்பாவுக்கும் தெரியாது," என்றார். அப்போது அப்பா நோர்வேயில் இருந்தார். அவருக்கும் 'விளையாடப் போய்' என்றுதான் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார்கள்.

மறுநாள் அந்தப் புத்தகத்தை மறுபடி எடுத்தேன். கோலியாத்துக்கு அடுத்த பக்கங்களில் இன்னொரு வண்டியைப் பற்றி இருந்தது. அது பெரியது. ஒருவன் அதை இலக்குக்குக் கிட்ட ஓட்டிவந்து இறங்கிவிடுவான். மிச்சத் தூரம் வானொலி அலையால் ஓட்டுவார்கள். முன்னால் உள்ள வெடிமருந்துப் பெட்டியை அது சறுக்கி விழுத்திவிட்டுத் திரும்பிவிடும். பிறகு பெட்டி வெடிக்கும்.

போலந்தில் வார்சோ மக்கள் ஜெர்மன் படைக்கு எதிராக எழுச்சி செய்தபோது அப்படி ஒரு வண்டி தெருவில் தனியாக நின்றது. அவர்கள் அதைச் சிறிய டாங்கி என்று நினைத்தார்கள். எதிரியிடம் பிடித்த டாங்கி என்று ஊர்வலமாக ஓட்டிப் போனார்கள். சனம் யன்னல்களில் நின்று கைதட்டியது, பிள்ளைகள் கூடவே ஓடினார்கள். பெட்டி சறுக்கி விழுந்து வெடித்தது. சனமும் பிள்ளைகளும் செத்தார்கள். அது வேண்டுமென்றே வைத்த பொறியா இல்லையா என்று இன்னும் வாதிடுகிறார்கள்.

அந்தப் பக்கத்தை நான் பலமுறை வாசித்தேன், அண்ணா. அந்தப் பிள்ளைகளும் யாரிடமாவது கேட்டுவிட்டுத்தானே போயிருப்பார்கள்?

செயல்திட்டத்துக்காக நான் செய்த பதாகையின் முடிவில் நோர்வேஜிய மொழியில் இப்படி எழுதினேன்: "பிள்ளைகள் விளையாடப் போகவில்லை. பெரியவர்கள் மகிழ்ந்ததால் பார்க்கப் போனார்கள். போகச் சொன்னவர்களுக்கு உள்ளே இருப்பது தெரியாது." ஆசிரியை வாசித்துவிட்டு, "கடைசி வசனத்துக்கு மூலம் எது?" என்று கேட்டார். ஒவ்வொரு செய்திக்கும் மூலம் எழுத வேண்டும் என்பது விதி. "என் அம்மா," என்றேன். "அப்படியானால் அதையே கீழே எழுது," என்றார்.

பள்ளி மண்டபத்தில் எங்கள் செயல்திட்டங்களைக் கண்காட்சியாக வைத்த நாள் காலையில் அந்தக் கார் மேசைக்குத் திரும்பியிருந்தது. சக்கரத்து மண்ணையெல்லாம் அம்மா கழுவியிருந்தார். 

மாலையில் அப்பாவுக்கு வேலை. அம்மாவும் பெரியம்மாவும் வந்தார்கள். பெரியம்மா ஒரு தட்டு ரோல்ஸும் கொண்டுவந்தார். "இவையளின்ரை வாப்பிள் அப்பத்தைத் திண்டு ஆருக்குப் பசி தீரும்?" என்றார். என் பதாகையைக் கண்டதும், "பொம்பிளைப் பிள்ளைக்கு டாங்கி எதுக்கடி? அங்கை பார், ஒரு பிள்ளை பென்சிலினைப் பற்றி எழுதியிருக்கு. அது டொக்டராகும்."

"இது டாங்கி இல்லை பெரியம்மா."

"சங்கிலி கிடக்கு. பிறகென்ன, டாங்கிதான்."

"அவையளும் அப்பிடித்தான் நினைச்சவை," என்று சொல்லி, வார்சோவில் நடந்ததைத் தமிழில் சொன்னேன். பெரியம்மா ரோல்ஸைக் கீழே வைத்தார்.

"பாவங்கள். எங்கடை அன்ரனும் விளையாடப் போய்த்தானே..."

"இல்லை அக்கா," என்றார் அம்மா. இம்முறை தண்ணீர் எடுக்கப் போகவில்லை. "அவன் விளையாடப் போகேல்லை. பாக்கப் போனவன். என்னட்டைக் கேட்டவன். நான்தான் போட்டு வா எண்டனான்."

 பெரியம்மா அம்மாவின் கைப்பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, "கடைசியிலை என்ன எழுதியிருக்கு? வாசி, கேப்பம்," என்றார்.

அம்மா விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தார், நோர்வேஜிய மொழியிலும் பிறகு தமிழிலும். அன்றிரவு அப்பாவுக்கும் தானே சொன்னார். இனி உன்னைப் பற்றி யார் அந்தப் பழைய வசனத்தைச் சொன்னாலும், அது திருப்பலி மேசையாக இருந்தாலும், நான் திருத்துவேன், அண்ணா. அது என் பொறுப்பு.

அன்று மாலை, அம்மா வாசித்து முடிப்பதற்குள் மண்டபத்திலிருந்து மற்ற எல்லாரும் போய்விட்டார்கள். பள்ளிக் காவலாளர் பின்வரிசை விளக்குகளை அணைத்துக்கொண்டு வந்து, அம்மாவைக் கண்டு சுவிட்சில் கை வைத்தபடி நின்றார். அம்மாவின் விரல் பதாகையின் அடியில் இருந்த சிறிய எழுத்துக்கு வந்தது. "மூலம்: அம்மா," என்று வாசித்தார். இன்னொருமுறையும் வாசித்தார். பிறகுதான் விளக்கு அணைந்தது.

அன்று மடியில் கிடந்து கத்திய
உன் தங்கை,
றெஜினா