திருச்சிக்குப் போகாத வேன்

அன்புள்ள அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் சொன்னால் அம்மா காதில் விழும், அதனால் எழுதுகிறேன். நீங்கள் கூப்பிட்டால் தங்கச்சி நௌஷின் ஏன் போனைத் தொடுவதில்லை என்று கேட்டீர்களே, காரணம் நான்தான்.

விடுமுறையில் மொட்டைமாடிப் பாயை விமானமாக்கித் தங்கச்சிக்கு உலகம் சுற்றிக் காட்டினேன். நயாகராவில் நனைந்தோம், பாரிஸ் கோபுரத்தில் பரோட்டா தின்றோம், பிரமிடு நிழலில் படுத்துப் புரண்டோம்.

"அத்தா இருக்குற துபாய்ல நிறுத்துண்ணே," என்றாள்.

புர்ஜ் கலீஃபா உச்சியில் நிறுத்தினேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, உங்கள் குரலில், "நாளைக்கு திருச்சி ஏர்போர்ட்ல எறங்குறேன்மா, வேன் எடுத்துட்டு வந்துருங்க," என்றேன்.

மறுநாள் விடிவதற்குள் பெருநாள் கவுனைப் போட்டுக்கொண்டு வாசலில் போய் நின்றாள். நான் போர்வைக்குள் சிரித்தேன். வெயில் ஏறும்வரை நின்றாள்.

அவளுக்கு என் மேல் கோபமே இல்லை, அத்தா. "அத்தா வந்து நின்னுட்டு, நம்ம யாரும் வரலன்னு திரும்பிப் போயிட்டாங்க. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேசுறது?" என்கிறாள்.

உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால், "அப்ப எப்ப வருவாங்க?" என்பாள். அதற்கு உங்கள் குரலில் என்னிடம் பதில் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் வாலு மகன்