வாசல் பக்கத்துப் பூ

தெஹ்ரான், திங்கள்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு, தூபாவின் ஸலாம். மூட்டுவலி எப்படி இருக்கிறது? தறியில் ரொம்ப நேரம் உட்காராதீர்கள். நான் சுகம்தான்.

கம்பளம் பழுதுபார்க்கும் கடையில் ஒரு சின்ன வேடிக்கை. நூறு வருஷத்துக் கம்பளத்தில் எலி கடித்த ரோஜாவை நான்தான் முடிச்சுப் போட்டு நிரப்பினேன். வாசல் பக்கமிருந்து பார்த்தால் பழைய பூக்களோடு அப்படியே ஒத்துப்போனது. எனக்குத் தொழில் கற்றுத்தரும் உஸ்தாத் ஜன்னல் பக்கம் போய் நின்று, "ஏம்மா தூபா, உன் பூ மட்டும் வெளிறிக் கிடக்கிறதே, காய்ச்சலா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பழைய இழைகளின் வெளுத்த நுனியைப் பார்த்தே கம்பளி நூலின் நிறத்தை எடுத்திருக்கிறேன். எதிர்ப்பக்கம் நின்றால் இழையின் அடியில் இருக்கும் அடர்நிறம்தான் தெரியும் என்பது மறந்தேபோச்சு. பூவை முழுக்கப் பிரித்துவிட்டேன். சனிக்கிழமை கம்பளத்தின் சொந்தக்காரர் வருகிறார். உஸ்தாத் திட்டவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது.

மஞ்சிட்டி வேரும் மோரும் சேர்த்து நீங்கள் ரோஜா நிறச் சாயம் போட்ட கம்பளி நூலில் ஒரு சிட்டம், இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் பஸ் டிரைவரிடமே கொடுத்துவிடுங்கள். காகிதம் வேண்டாம், உங்கள் முக்காட்டில் சுற்றுங்கள். துவைக்காததே போதும்.

டிரைவர் ஹாரன் அடிக்கிறார். அத்தை கேட்டால் நான் நன்றாக இருப்பதாகச் சொல்லுங்கள். வாசல் பக்கமிருந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கிறேன்.

தூபா