சவான்னாவில் அப்பா நடக்காத தெரு

18 அக்டோபர் 1998, ஞாயிறு
எடிசன்

ஊருக்குத் திரும்பும் அப்பாவை விமானம் ஏற்றிவிட்டு வந்தேன். அவரைத் தெற்கே சவான்னா நகரத்துக்குக் கூட்டிப்போன பயணம்தான் இன்னும் உறுத்துகிறது.

பழைய நகரத்தின் நடுவிலேயே ஒரு விடுதி கிடைத்தது. வாசலில் இறங்கினால் மரநிழலில் ஊர் முழுக்க நடக்கலாம். ஆனால் அறையில் சமைக்கக் கூடாது என்றார்கள். அப்பாவுக்குச் சோறு வேண்டுமே என்று ஹைவே ஓரத்தில் அடுப்புள்ள மோட்டலாகப் பார்த்துப் பிடித்தேன். ரைஸ் குக்கரையும் தூக்கிக்கொண்டு போனோம்.

அங்கே நடைபாதையே இல்லை. மூன்று நாளும் விடியற்காலையில் அப்பா பார்க்கிங் லாட்டையே சுற்றிச் சுற்றி வந்தார். பழைய ஊரைக் காரிலிருந்தபடி காட்டிவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்கு மோட்டலுக்குத் திரும்பினேன்.

இன்று ஏர்போர்ட்டில், "சவான்னா பிடிச்சுதாப்பா?" என்று கேட்டேன்.

"சோறு ஊர்லயே தினமும் திங்கறேன். அங்க ரெண்டு நாள் பிரெட்டத் தின்னுட்டு அந்த மரத்தடியில நடந்திருப்பேன். நீ ஆசையா குக்கரத் தூக்கிட்டு வந்தே, என்னத்தச் சொல்றது?"

"அடுத்த வருஷம் போலாம்ப்பா."

"பாக்கலாம்" என்றவர், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு விமானத்தை நோக்கி விறுவிறுவென்று நடந்தார். அந்த நடைக்கு, சவான்னா ஒரே காலையில் முடிந்திருக்கும்.