ஒன்பது மேற்கோள், ஆறு நகல்

அன்பு மகள் குண்டூசிக்கு,

சித்தப்பாவும் சித்தியும் சௌக்கியம், ஜெராக்ஸ் மெஷினுக்கு மட்டும் லேசான இருமல். நீ ஆய்வகத்தில் நின்றுகொண்டே தூங்காமல், வேளைக்குச் சாப்பிட்டுப் படுத்துத் தூங்குகிறாய் என்று நம்பி எழுதுகிறேன். இப்போது நான் சொல்லப்போகும் சம்பவத்தை இந்த உலகத்தில் ஒருவரும் நம்பப்போவதில்லை. உன் சித்தி பாதி கேட்டுவிட்டு, கதை விட்டது போதும், காய்கறி வாங்கிட்டு வாங்க என்று பையை நீட்டிவிட்டாள். ஆகவே சரித்திரத்தின் நன்மைக்காக உனக்கு எழுதி வைக்கிறேன்.

போன வாரம் நீ போனில் அழுததை நான் கேட்கவே இல்லை என்று சித்தி என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள், நானும் செய்து கொடுத்துவிட்டேன். ஆனால் விஷயம் புரிந்தது. முந்நூற்று நாற்பது பேர் மேற்கோள் காட்டிய உன் பெரிய கட்டுரை இருக்கிறதே, அதற்காக நுரையீரல் புற்றுநோய் என்று நீங்கள் குடுவையில் வளர்த்த செல்கள் நுரையீரலே இல்லையாம், பக்கத்துக் குடுவையின் தோல் புற்றுநோய்ச் செல் எப்படியோ உள்ளே புகுந்து, குடிவந்தவன் வீட்டுக்காரனைத் துரத்திய மாதிரி மொத்தத்தையும் பிடித்துக்கொண்டதாம். அதைக் கண்டுபிடித்ததும் நீயே. உன் பேராசிரியர், யாரும் தோண்டிப் பார்க்க மாட்டாங்க, விட்டுடும்மா என்கிறார். நீயோ கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை எழுதி வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புவதா வேண்டாமா என்று முழிக்கிறாய். அது போனா என்கிட்ட என்ன சித்தி மிச்சம், வேலையை எப்படி நீட்டிப்பாங்க, ஒரு புற்றுநோய் மருந்து வயசானவங்களுக்குப் பிரயோஜனம் இல்லைன்னு எழுதின சின்னக் கட்டுரைதானே, அதை மேற்கோள் காட்டினதே ஒன்பது பேர், அதுல ரெண்டு நானே என்றாயாம்.

கேள். செவ்வாய்க்கிழமை காலை கடை ஷட்டரைத் தூக்குகிறேன், எதிர் ஆஸ்பத்திரி வாசலில் ஆரம்பித்து பஸ் நிறுத்தம் தாண்டி ஒரே வெள்ளைக் கோட்டு வரிசை. ஆறாயிரம் டாக்டர்கள்! அத்தனை பேர் கையிலும் உன் சின்னக் கட்டுரை, எல்லாருக்கும் நகல் வேண்டுமாம். தலைமை மருத்துவர் வரிசையில் நிற்கப் பொறுமையில்லாமல் ஆம்புலன்ஸில் படுத்துக்கொண்டு சைரனோடு வந்து இறங்கினார். டிராஃபிக் போலீஸ்காரர் விசிலை விழுங்கிவிட்டார், நல்லவேளை டாக்டருக்குப் பஞ்சமில்லை. மெஷின் சூட்டில் பக்கத்துக் கடைக்காரர் ஈரத்துணி காயவைத்துக்கொண்டார். காகிதம் தீர்ந்து, பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கமெல்லாம் அடித்துக் கொடுத்தேன்.

வீட்டுச் சேதி. சித்திக்குப் பல் கட்டியாயிற்று, எல்லாவற்றுக்கும் சிரிக்கிறாள், என் நகைச்சுவைக்கு மட்டும் இல்லை. உன் தம்பி டிரைவிங் டெஸ்டில் மூன்றாம் முறையும் கம்பத்தை இடித்தான், கம்பம் நலம். நான் சொல்வது இதுதான், கடிதத்தை அனுப்பிவிடு. ஒரு பக்கம் விட்டுப்போன நகலைக் கொடுத்துவிட்டால் நானே தெருவில் செருப்பில்லாமல் ஓடிப் பிடித்து மாற்றிக் கொடுக்கிறேன், உன் கட்டுரையை நம்பி முந்நூற்று நாற்பது பேர் மேலே மாடி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். வேலை போனால் வா, உன் அறையில் அடுக்கிய காகிதக் கட்டுகளைக் காலி செய்து தருகிறேன். சித்தி உன் கட்டிலைத் தூசி தட்டிவிட்டாள், அப்படி ஆகும்னு இல்லை, சும்மாதான் தட்டினேன் என்று மூன்று தடவை சொன்னாள்.

உன் குடுவைகளில் குடித்தனம் மாறாமலும் உன் கண்ணுக்குத் தூக்கம் குறையாமலும் இருக்க எங்கள் ஆசிகள். கண் டாக்டரிடம் போ, மூன்று மாதமாகச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
பொய் என்ற சொல்லையே அறியாத
உன் சித்தப்பா

பி.கு.: வரிசை பொய். ஆம்புலன்ஸ் பொய். விசில் இன்னும் போலீஸ்காரர் வாயில்தான் இருக்கிறது. ஆனால் ஒரே ஒரு டாக்டரம்மா வந்தார், அது நிஜம். உன் சின்னக் கட்டுரையில் ஆறு நகல் கேட்டார். மேலே இருந்த உன் பெயரையே பார்த்துக்கொண்டு வைத்ததில் ஒரு தாள் கோணலாக வந்துவிட்டது. உங்கள் மேற்கோள் கணக்கில் இதெல்லாம் ஏறாது, தெரியும். இதை யாரும்மா படிக்கிறாங்க என்று ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டேன். என் ஜூனியர்களுக்குத்தாங்க, வயசானவங்களுக்கு இனிமே இந்த மருந்து வேண்டாம்னு காட்டணும், எங்க வார்டுல ஒரு பெரியவருக்கு வாயெல்லாம் புண்ணாகித் தண்ணிகூட இறங்கலை, இதைப் படிச்சுட்டுதான் போன மாசம் நிறுத்தினேன், இன்னைக்குக் காலையில அவரே இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் என்றார்.