கூரைக்குள் மூன்று குட்டிகள்

டப்ளின், கலிபோர்னியா
21.5.1998

அன்பு மகள் பவதாரணிக்கு அப்பா எழுதுவது. நீயும் பிறந்த குஞ்சும் சுகமாக இருக்கிறீர்கள் என்று அங்கே உன்னோடு நிற்கும் அம்மா ரெலிபோனில் சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. நான் சுகம், ஆனால் இருப்புக் கொள்ளவில்லை. கதிரையில் இருந்தால் எழும்பச் சொல்கிறது, எழும்பினால் எங்கே போவதென்று தெரியவில்லை. "அவள் உங்களோட கதைக்கமாட்டாளாம்" என்று அம்மா சொன்னார். உன் கோபம் நியாயம்தான். சனிக்கிழமை ரொறன்ரோ வருகிறேன் என்று ரிக்கற்றும் எடுத்துவிட்டு வராமல் விட்டவன் நான். ஏன் என்பதை அம்மா பாதிதான் சொல்லியிருப்பார், அதுவும் ஏசிக்கொண்டே.

போன கிழமை, புதன்கிழமை காலை எங்கள் தெருமுனையில் ஒரு ரக்கூன் காரில் அடிபட்டுச் செத்துக் கிடந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன், மடியில் பால் கட்டியிருந்தது. பின்னேரம் உன் பழைய அறைக்கு மேலே, கூரைக்குள் குருவி கத்துவது போல ஒரு சத்தம். ஏணி வைத்து ஏறி ரோச் லைற் அடித்துப் பார்த்தால் மூன்று குட்டிகள், கண் இன்னும் திறக்கவில்லை, கண்ணைச் சுற்றி அந்தக் கறுப்புப் பட்டி மட்டும் வந்திருந்தது. தோட்டக் கையுறை போட்டு இறக்கி, ஒரு பெட்டிக்குள் என் பழைய சாரத்தை விரித்துக் கிடத்தினேன். பசிக்குமே என்று வீட்டில் இருந்த பாலைச் சூடாக்கிப் பருக்கினேன். அது பிழை. விடிய மூன்றுக்கும் வயிற்றால் போனது, சின்னது தலையைத் தூக்கவில்லை.

காட்டு விலங்குக் காப்பகம் ஒன்றுக்கு ரெலிபோன் அடித்தேன். எடுத்த பெண் நிதானமாகச் சொன்னார். பசும்பால் கூடாது, முதலில் உடம்பில் சூடு ஏற வேண்டும், பிறகு குழந்தைகளுக்கு வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் உப்புத் தண்ணீர், அதற்குப் பிறகு நாய்க்குட்டிக்கு விற்கும் பால்மா, மல்லாத்திப் பருக்காமல் குப்புற வைத்துப் பருக்க வேண்டும், குடித்து முடிந்ததும் தாய் நக்கிவிடுவது போல ஈரப் பஞ்சால் அடிவயிற்றைத் தடவ வேண்டும், இல்லாவிட்டால் மூத்திரம் போகாதாம். ஆனால் அங்கே இடமில்லை, திங்கட்கிழமைதான் எடுப்பார்களாம். அடுத்த வீட்டு நாகரத்தினம் அங்கிளைக் கேட்டேன். "ஐசே, எனக்கு எலியெண்டாலே பயம், உதுகளை என்னட்டத் தராதையும்" என்று கதவைச் சாத்திவிட்டார். அம்மாவோ ரெலிபோனில், "உந்தச் சீவனுகளைத் தொட்ட கையோட என்ரை பேரப்பிள்ளையைத் தூக்க வராதேங்கோ" என்றார்.

வெள்ளிக்கிழமை சூட்கேசை அடுக்கி வாசலில் வைத்துவிட்டுப் பால் பருக்கப் போனேன். சின்னது என் விரலை முன்னங்காலால் பிடித்துக்கொண்டு குடித்தது. உனக்கு நாள் இன்னும் இருக்கிறது என்று டொக்டர் சொன்னதை நம்பிப் பயணத்தைத் தள்ளிப் போட்டேன். உன் மகள் ஒருவருக்கும் சொல்லாமல் ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டாள். ரெலிபோன் அடித்தபோது சின்னக் குட்டி என் மடியில் விறைத்துக்கொண்டிருந்தது. "பெட்டைப் பிள்ளை, ஆறு இறாத்தல்" என்று அம்மா அழுதழுது சொன்னார். நான் பேச்சில்லாமல் இருந்ததைச் சந்தோஷமில்லை என்று எடுத்துக்கொண்டாராம். பிள்ளை, எனக்கு அந்த நேரம் எதற்கு அழுவதென்று தெரியவில்லை.

அதைப் பின்வளவில் புதைத்தேன். மற்ற இரண்டையும் திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். வயிற்றைத் தடவிப் பார்த்து, நல்லாய்த் தேறியிருக்கிறது என்றார் அந்தப் பெண். இடைக்கிடை வந்து பார்க்கலாமா என்று கேட்டேன். வேண்டாம், மனிதரை மறந்தால்தான் காட்டில் பிழைக்கும் என்றார். வீட்டுக்கு வந்த பிறகும் பால் பருக்கும் நேரம் வந்தால் கால் தானாக அடுப்படிக்குப் போகிறது.

சாட்டுச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. கண் திறக்காத மூன்றை உள்ளே வைத்துக்கொண்டு கதவைப் பூட்ட என்னால் ஏலவில்லை, அவ்வளவுதான். குட்டிகளிடமிருந்து ஏதும் தொற்றியிருக்குமோ என்று டொக்டரிடம் என்னைக் காட்டிவிட்டேன், பயமில்லை என்கிறார். சாரத்தையும் கையுறையையும் எறிந்துவிட்டேன். ஜூன் முதற் கிழமைக்குத்தான் ரிக்கற் கிடைத்தது. அதுவரை பச்சைத் தண்ணீரில் கை வைக்காதே, காதைப் பொத்திக் கட்டு, பிள்ளை நித்திரை கொள்ளும்போது நீயும் கொள்.

நீயும் பேத்தியும் குறையில்லாமல் நெடுங்காலம் வாழ வேண்டும். இன்னொன்று, நான் ரெலிபோன் அடிக்கும்போது நீ கதைக்காவிட்டாலும் பரவாயில்லை. அவள் அழுதால் ரிசீவரைக் கொஞ்சம் கிட்டப் பிடி.

உன் அப்பா,
அரியரட்ணம்